ட்ரோன், ஆம்பியன்ட் எல்பிகளில் மட்டும் பொரியும் சத்தம், ரீங்காரம்: காரைக்குடிப் பக்கம் சுற்றுக்கு விடும் முன் என்ன செய்யணும்?

இரண்டாம்கட்டு எழுதியது:

காரைக்குடி, கானாடுகாத்தான், தேவகோட்டை மூன்று ஊரிலுமாக ஆறு பேர். எல்லாருடையதையும் சேர்த்தால் எழுபது எல்பி (வினைல் இசைத்தட்டு) தேறும். ஆம்பியன்ட் (சூழலாகப் பின்னணியில் நிற்கும் அமைதியான இசை), ட்ரோன் (ஒரே சுரம் நீண்டு ஒலிப்பது), ஃபீல்டு ரெக்கார்டிங் (வெளியிடங்களில் பதிந்த ஒலிகள்), கொஞ்சம் மியூசிக் கான்க்ரீட் (பதிந்த ஒலிகளையே கோத்து அமைக்கும் இசை). மாதத்துக்கு ஒரு தடவை ஆளுக்கு ஐந்தாக மாற்றிக் கேட்கலாம் என்று திட்டம். அதற்கு முன் சில சந்தேகங்கள்.

அதே டர்ன்டேபிளில் சினிமாப் பாட்டு எல்பி சுத்தமாகக் கேட்கிறது. ஆம்பியன்ட் போட்டால் பொரி பொரியாகச் சத்தம், அடியில் ஒரு ரீங்காரம். போர் தண்ணீரில் ஷாம்பு கலந்து கழுவினோம், இன்னும் மோசமானதுதான் மிச்சம். தட்டுகள் இருப்பது பழைய வீட்டில், தேக்கு பீரோவில், பாச்சை உருண்டை போட்டு. மழைக்காலத்தில் உறையில் சாம்பல் பூத்தது போல் பூஞ்சை. ஒருவர் பஸ் பார்சலில் அனுப்பலாம் என்கிறார். இன்னொருவரிடம் டர்ன்டேபிளே கிடையாது, அவருக்கு டிஜிட்டலாக்கிக் கொடுத்தால் சரியா?

ஊசிமுனை எழுதியது:

சினிமாப் பாட்டில் அந்தச் சத்தம் இல்லாமல் இல்லை. மேளமும் வயலினும் மூடிவிடுகின்றன. உங்கள் வகைத் தட்டில் மூட ஆளில்லை. இன்னொன்று, பக்கத்தின் நீளம். ஒரு பக்கம் 18 நிமிடம் என்றால் பள்ளங்களை (ஊசி ஓடும் கோடுகளை) தாராளமாக வெட்டலாம். 30 நிமிடத்தை அடைக்க வேண்டுமானால் ஒலி அளவைக் குறைத்துத்தான் வெட்ட முடியும். ஆங்கிலேய இசைக்கலைஞர் பிரையன் ஈனோவின் 1975ஆம் ஆண்டு 'டிஸ்க்ரீட் மியூசிக்'கில் தலைப்பு இசை ஒரு பக்கம் முழுக்க, 30 நிமிடத்துக்கும் மேல். அப்படிப்பட்ட தட்டுக்கு வால்யூமைக் கூட்டினால் தூசியின் சத்தமும் கூடவே ஏறும்.

கழுவும் விஷயம். போர் தண்ணீரில் உள்ள உப்பு பள்ளத்திலேயே காய்ந்து படிந்திருக்கும். ஆர்ஓ தண்ணீரிலும் கொஞ்சம் மிஞ்சும். டிஸ்டில்டு வாட்டர் 900 மில்லி, ஐசோபுரோபைல் ஆல்கஹால் 100 மில்லி, வாசனை சேர்க்காத பாத்திரம் கழுவும் திரவம் இரண்டே சொட்டு. ஒரு பக்கத்துக்கு 20 மில்லி போதும். மைக்ரோஃபைபர் துணியால் பள்ளம் போகும் போக்கிலேயே வட்டமாகத் துடையுங்கள், குறுக்கே வேண்டாம். நடுவில் லேபிள் நனையக் கூடாது. பிறகு வெறும் டிஸ்டில்டு வாட்டரில் இரண்டு அலசல். இதை விட்டால் சோப்புப் படலம் தங்கி, அதுவே ஊசியில் பஞ்சாகச் சேரும். பாத்திரம் அடுக்கும் ஸ்டாண்டில் நிற்க வைத்து நிழலில் உலர்த்துங்கள். ஃபேனுக்கு அடியில் வைத்தால் கழுவியதற்கே அர்த்தமில்லை. ஏற்கெனவே உப்புப் படிந்தவற்றுக்கு இரண்டு மூன்று சுற்று ஆகும்.

கழுவிய பிறகும் 'டிக்' வந்தால் நேரத்தைப் பாருங்கள். 33⅓ வேகத்தில் ஒரு சுற்றுக்கு 1.8 விநாடி. சரியாக 1.8 விநாடிக்கு ஒரு தடவை வந்தால் அது கீறல், எந்தக் கழுவலுக்கும் போகாது. ஒழுங்கில்லாமல் வந்தால் தூசி. (கடைசிப் பள்ளத்தில் ஒரே சத்தம் திரும்பத் திரும்ப வந்தால் பதற வேண்டாம். பூட்டிய பள்ளமாக, அதாவது ஊசி ஒரே வட்டத்தில் சுற்றும்படி வெட்டியதாக இருக்கலாம். மியூசிக் கான்க்ரீட் 1948இல் பிரெஞ்சுக்காரர் பியர் ஷேஃபர் கையில் பிறந்ததே அப்படிப்பட்ட பள்ளத்திலிருந்துதான்.)

ரீங்காரத்தைப் பிரித்துப் பாருங்கள். ஊசியைத் தூக்கிவிட்டு வால்யூமை ஏற்றுங்கள். அப்போதும் கேட்டால் மின்சாரக் கோளாறு. டர்ன்டேபிளின் எர்த் வயர் ஃபோனோ ப்ரீஆம்ப் (ஊசியிலிருந்து வரும் மெல்லிய சமிக்ஞையைப் பெருக்கும் பெட்டி) திருகில் இறுக்கமாக இருக்கிறதா பாருங்கள். பழைய வீட்டு ப்ளக்கில் மூன்று துளை இருந்தாலும் எர்த் கம்பி உள்ளே போயிருக்காது, எலக்ட்ரீஷியனை வைத்துச் சோதியுங்கள். அடுத்து, மோட்டாரை நிறுத்தி, அசையாத தட்டின் மேல் ஊசியை வைத்து, ஃபேனைப் போடுங்கள், பக்கத்தில் நடந்து பாருங்கள். அப்போது கேட்பது அதிர்வு. டர்ன்டேபிளை மர பீரோ மேலிருந்து எடுத்து, சுவரில் அடித்த பலகையிலோ, ரப்பர் பந்துகளின் மேல் வைத்த கடப்பைக் கல்லிலோ வையுங்கள்.

இரண்டாம்கட்டு எழுதியது:

நன்றி அண்ணே. ஊசியைத் தூக்கினாலும் ஒரு கரகரப்பு இருக்கிறது. ஃபேனை முழு வேகத்தில் வைத்தால் குறைகிறது. கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது இரண்டு மடங்கு.

ஊசிமுனை எழுதியது:

ஃபேன் ரெகுலேட்டர்தான் தம்பி. வழவழவென்று சுழலும் டிம்மர் வகை மின் அலையை வெட்டி வெட்டி விடும். ஸ்டெப் வகைக்கு மாற்றுங்கள். சதுர அலை இன்வெர்ட்டரில் இந்த இசை கேட்பதே வீண், சைன் அலை இன்வெர்ட்டர் வேண்டும். இல்லையேல் கரண்ட் வரும்வரை திண்ணையில் உட்கார்ந்திருங்கள், அதுவும் ஆம்பியன்ட்தான்.

வளவுக்காரி எழுதியது:

சேமிப்பு பற்றி. முதலில் பாச்சை உருண்டையைத் தூக்கிப் போடுங்கள். அதன் ஆவி பிளாஸ்டிக்குக்கும் ஆகாது, உறைக்கும் ஆகாது. பிவிசி உறை இருந்தால் அதையும் மாற்றுங்கள். நாளடைவில் தட்டின் மேல் பனி படர்ந்த மாதிரி மங்கல் விழும், அது பள்ளத்துக்குள் சத்தமாகவே கேட்கும். உள்ளுறைக்குப் பாலிஎத்திலீன் போதும்.

பூஞ்சை பிடித்ததை வீட்டுக்குள் உதறாதீர்கள். முற்றத்தில் வைத்துத் துடைத்து, கழுவி, காகித உள்ளுறையை எறிந்துவிட்டுப் புதிது போடுங்கள். காகிதத்தில் வித்து தங்கியிருக்கும், அடுத்த ஐப்பசியில் மறுபடி பூக்கும்.

எங்கே வைப்பது? நம் வீடுகளில் சுண்ணாம்புப் பூச்சுச் சுவரும் உயரக் கூரையும் உள்ள உள்கட்டு அறைகள் பகலிலும் குளிர்ச்சி. மேற்கு வெயில் படும் சுவரும் மேல்மாடியும் கூடாது. நிற்க வைக்க வேண்டும், சாயக் கூடாது. சுவருக்கும் அலமாரிக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி விடுங்கள்.

பஸ் பார்சல் வேண்டவே வேண்டாம். வினைல் 60 டிகிரியை நெருங்கினாலே தளரத் தொடங்கும். சித்திரை வெயிலில் பஸ்ஸின் அடிப்பெட்டி, கதவடைத்த கார் இரண்டும் அடுப்புதான். மூன்று ஊரும் பக்கம் பக்கம், காலையில் யாராவது கையில் கொண்டு போகலாம். தூரம் அனுப்பினால் தட்டை அட்டை உறையிலிருந்து வெளியே எடுத்து, உள்ளுறையோடு அதன் பின்னால் வைத்துக் கட்டுங்கள். உள்ளேயே விட்டால் பெட்டி விழும்போது தட்டின் விளிம்பு உறையின் மடிப்பைக் கிழிக்கும். இரண்டு பக்கமும் நெளி அட்டை, ஒன்றின் வரி நெடுக்கே, மற்றதன் வரி குறுக்கே.

வீட்டில் கேட்பதற்கும் ஒரு சொல். ஆத்தங்குடி கல் தரை, வழுவழுப்பான சுவர், இரண்டும் சத்தத்தைத் திருப்பி அடிக்கும். ட்ரோன் குழம்பிப் போகும். ஸ்பீக்கருக்கு முன்னால் கனமான ஜமக்காளம் விரித்தால் வித்தியாசம் உடனே தெரியும்.

தேவகோட்டை33 எழுதியது:

எல்லாரும் தட்டைப் பற்றியே பேசுகிறீர்கள். சுற்றுக்கு விடும்போது ஆபத்து தட்டில் இல்லை, ஊசியில். ஆறு வீட்டில் ஒரு வீட்டு ஊசி தேய்ந்திருந்தால் எழுபது தட்டும் கெடும். நீள்வட்ட முனை ஊசியை 300 மணி நேரம் தாண்டியதும் உருப்பெருக்கியில் பார்க்க வேண்டும். சூட்கேஸ் மாதிரி மடக்கும் பிளேயர்களில் செராமிக் கார்ட்ரிட்ஜ் (ஊசி பொருத்திய தலைப்பகுதி) தட்டை 5, 6 கிராம் அழுத்தும், அது வைத்திருப்பவருக்குத் தட்டு கிடையாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். மனவருத்தம் வரும், வரட்டும். ஆடியோ டெக்னிகா விஎம்95இ கார்ட்ரிட்ஜ் என்றால் ஊசி அழுத்தம் 2 கிராம், 1.8க்கும் 2.2க்கும் நடுவில். நகைக்கடைக்காரர் வைத்திருக்கும் சின்ன டிஜிட்டல் தராசில் பார்க்கலாம், ஆனால் தராசின் மேல்பலகை இரும்பாக இருந்தால் கார்ட்ரிட்ஜின் காந்தம் இழுத்துப் பொய் எடை காட்டும். அளக்கும் உயரமும் ரெக்கார்டு இருக்கும் உயரமே இருக்க வேண்டும்.

கண்ணால் பார்த்துத் தரம் போடுவது இங்கே உதவாது. பளபளப்பான தட்டும் பொரியும். ஹெட்ஃபோனில் ஒவ்வொரு பக்கத்தின் முதல் இரண்டு நிமிடம், கடைசி இரண்டு நிமிடம் கேளுங்கள். கடைசிப் பகுதி முக்கியம், உள்வட்டத்தில் பள்ளம் ஊசிக்கு அடியில் ஓடும் வேகம் வெளிவட்டத்தில் பாதிக்கும் குறைவு, தேய்மானம் அங்கேதான் முதலில் பிசிறாகக் கேட்கும். 'பக்கம் 1, 11:20இல் மூன்று டிக்' என்று ஒரு சீட்டில் எழுதி உறைக்குள் வையுங்கள். லேபிளை ஒட்டிய வெற்று வளையத்தில் கீறியிருக்கும் எண்ணையும் குறித்துக்கொண்டால், திரும்பி வருவது அதே பிரதிதானா என்று சண்டை வராது.

வேகத்தையும் பாருங்கள். அமெரிக்காவிலிருந்து வந்த 60 ஹெர்ட்ஸ் ஏசி மோட்டார் டர்ன்டேபிள் நம் 50 ஹெர்ட்ஸில் 33⅓க்குப் பதில் 27.8இல் சுழலும். பாட்டென்றால் முதல் வரியிலேயே பிடிபடும். ட்ரோனில் வருடக்கணக்காகத் தெரியாது. 50 ஹெர்ட்ஸுக்கான, 180 கோடு போட்ட ஸ்ட்ரோப் தட்டை (வேகம் சோதிக்கும் வட்டை) டர்ன்டேபிளில் சுழலவிட்டு குண்டு பல்பின் கீழ் பாருங்கள், கோடுகள் அசையாமல் நிற்பது போல் தெரிந்தால் சரி. எல்ஈடி விளக்கில் பல சமயம் தெரியாது.

டிஜிட்டல் பிரதி: காசு வாங்காமல் தட்டைக் கைமாற்றிக் கேட்பது வேறு, நகல் எடுத்துக் குழுவில் போடுவது வேறு. நம் சட்டத்தில் ஒலிப்பதிவின் உரிமை வெளியான அடுத்த ஆண்டிலிருந்து 60 வருடம், இசையமைத்தவர் உரிமை அவர் காலத்துக்குப் பிறகும் 60 வருடம். உங்கள் எழுபதில் அதைத் தாண்டியது அநேகமாக ஒன்றுமிருக்காது. டர்ன்டேபிள் இல்லாதவர் மாதம் ஒரு நாள் உங்கள் வீட்டுக்கே வரட்டும். இந்த வகையில் பலர் கிரியேட்டிவ் காமன்ஸ் (படைத்தவரே பகிர அனுமதி தரும்) உரிமத்திலேயே வெளியிடுகிறார்கள், அவற்றை உரிமத்தின் நிபந்தனைப்படி தாராளமாகப் பகிரலாம்.

ஊசிமுனை எழுதியது:

ஒன்று விட்டுப் போச்சு. முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடையில் 78 வேகத் தட்டு வாங்கினால் மேலே சொன்ன கலவையால் தொடவே கூடாது. அது அரக்கு, ஆல்கஹால் கரைத்துவிடும். வெறும் டிஸ்டில்டு வாட்டரில் ஒரு சொட்டு சோப்பு, உடனே துடைத்து உலர்த்தணும். எல்பி ஊசியும் அதற்கு ஆகாது, நாலு மடங்கு அகலமான முனை வேண்டும்.