சூட்டிலும் நுண்ணலையை உறிஞ்சும் கார்பன் கலவை: தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். கண்டியிலிருந்து எழுதுகிறேன். இலங்கையின் போகல சுரங்கத்துக் கிராபைட்டை (கார்பனின் ஒரு வடிவம்) அலுமினாவோடு (அலுமினியம் ஒக்சைட்டு) கலந்து நுண்ணலை உறிஞ்சும் வில்லைகள் செய்கிறோம். அறை வெப்பநிலையில் 8.2 முதல் 12.4 கிகாஹேர்ட்ஸ் வரை உறிஞ்சுவது பரவாயில்லை. சூடாக்கினால்தான் தலைவலி. காற்றில் 700 பாகை செல்சியஸ் தாண்டியதும் கார்பன் எரிந்து, வில்லையின் விளிம்பு வெளுத்து, தொட்டால் மாவாக உதிர்கிறது. ஆர்கன் வாயுவில் வைத்தால் எரியாது, சரி. ஆனால் சூட்டில் கடத்துதிறன் ஏறினால் அலை உள்ளே நுழையாமல் மேற்பரப்பிலேயே தெறித்துவிடுமே! அதை அளக்கத்தான் இங்கே வசதியில்லை.

கார்பன் எரியாமல் காக்க சிலிக்கன் காபைட்டுப் பூச்சு போட்டுப் பார்த்தவர்கள் இருக்கிறீர்களா? எவ்வளவு தடிப்பு வைத்தீர்கள், ஆறும்போது வெடிப்பு விட்டதா? அப்புறம், சூடாக்கியபடியே அளக்கும் அலைவழிகாட்டி (நுண்ணலையைக் கொண்டுசெல்லும் உலோகக் குழாய்) வசதி இலங்கையில் எங்கேயாவது உண்டா? கொழும்பு என்றாலும் ரயிலேறி வந்துவிடுவேன்.