இழை: நள்ளிரவில் வருவதும் எச்சரிக்கைதானா?

கோவையிலிருந்து

வணக்கம் நண்பர்களே,

ஒரு சொல்லால் எங்கள் கல்லூரி விடுதிக்கு ஒன்பது மணி நேரம் இணையம் இல்லாமல் போனது. மொழிபெயர்த்தது நான். அதனால்தான் இந்த மடல்.

இங்கே கணினிகளை வலையில் இணைக்கும் ஸ்விட்சுகள் அறுபதுக்கும் மேல் இருக்கின்றன. கண்காணிப்பு மென்பொருள் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒவ்வொன்றையும் விசாரிக்கும். ஏதாவது கோளாறு என்றால் இரவுப் பணியாளரின் கைபேசிக்குக் குறுஞ்செய்தி போகும். அவருக்கு ஆங்கிலம் அவ்வளவு வராது என்பதால் செய்திகளைத் தமிழாக்கினேன். ‘அலர்ட்’டுக்கும் எச்சரிக்கை, ‘வார்னிங்’குக்கும் எச்சரிக்கை. அப்போது உறுத்தவில்லை.

போன மாதம் ஓர் இரவு 10:40க்கு விடுதியின் தலைமை ஸ்விட்ச் படுத்துவிட்டது. செய்தியும் ஒழுங்காகப் போனது. காலையில் கேட்டால், “சார், எச்சரிக்கை தினமும் பத்து வருது. போர்ட் 75 சதவீதம் நிறைஞ்சாலும் எச்சரிக்கைதானே?” என்றார். போர்ட் என்பது ஸ்விட்சில் வயர் செருகும் வாய். என்னிடம் பதில் இல்லை.

அப்புறம் உட்கார்ந்து பார்த்தால் குழப்பம் ஆங்கிலத்திலேயே இருக்கிறது. ஸ்விட்சுகள் தமக்கு நடப்பதைப் பதிந்து அனுப்பும் ‘சிஸ்லாக்’ செய்திகளுக்கு 0 முதல் 7 வரை எட்டுப் படிகள். எண் குறையக் குறைய ஆபத்து கூடும். அதில் அலர்ட் 1, வார்னிங் 4. அலர்ட் என்றால் உடனே ஏதாவது செய்தாக வேண்டும். சரி, இந்திய வானிலை ஆய்வுத் துறையைப் பாருங்கள்: மஞ்சள் ‘வாட்ச்’, ஆரஞ்சு ‘அலர்ட்’, சிவப்பு ‘வார்னிங்’. அங்கே அலர்ட் கீழே, வார்னிங் மேலே. நாம் தினமும் சொல்லும் ‘ரெட் அலர்ட்’ அவர்கள் பட்டியலில் அந்தப் பெயரில் இல்லவே இல்லை.

ஆக, ஆங்கிலச் சொல்லைப் பிடித்துக்கொண்டு போனால் ஊர் போய்ச் சேர மாட்டோம். எச்சரிக்கையை வார்னிங்குக்கே விட்டுவிடலாம் என்று நினைக்கிறேன். அலர்ட்டுக்கு என்ன சொல்லலாம்? ‘விழிப்பூட்டல்’ புழக்கத்தில் இருக்கிறது; எனக்கென்னவோ அதைப் பார்த்தால் கொசு ஒழிப்புப் பேரணி ஞாபகம்தான் வருகிறது. ‘உஷார்’ எல்லோருக்கும் புரியும், ஆனால் எப்போது செய்தி போக வேண்டும் என்று சொல்லும் விதிக்கு ‘உஷார் விதி’ என்று எழுதக் கை வரவில்லை. என் பங்குக்கு ஒன்று: ‘சங்கு’. எங்கள் ஊரில் மில் சைரனுக்கு அதுதான் பெயர். சங்கு ஊதினால் ஊரே எழும்.

———

யாழ்ப்பாணத்திலிருந்து

வணக்கம்.

முதலில் ஒரு சின்ன விஷயம். நீங்கள் ஸ்விட்ச் என்று எழுதுவதை எங்கள் பாடநூல்களில் ‘ஆளி’ என்று படித்தோம். சுவரில் இருக்கும் மின் ஆளிக்கும் அதே சொல்தான். இங்கே அதைப் பற்றிச் சண்டை வேண்டாம். சொல்லி வைத்தேன், அவ்வளவுதான்.

சொல்லைத் தேடும் முன்னர் பொருளை வெட்டிப் பிரிக்க வேண்டும் என்பது என் கருத்து. சிஸ்கோ நிறுவனத்தின் ஆளியில் ஒரு போர்ட் விழுந்தால், அதாவது இணைப்பு அறுந்தால், வரும் சிஸ்லாக் செய்தியின் படி எண் 3. அது திரும்ப எழுந்தாலும் 3. மாலை ஐந்து மணிக்கு அலுவலகத்தில் ஒருவர் கணினியை அணைத்துவிட்டுப் போனாலும் 3, முழுக் கட்டடத்துக்கும் போகும் முதன்மை இணைப்பு, அதாவது அப்லிங்க், அறுந்தாலும் 3. எந்த வயரின் மறுமுனையில் யார் இருக்கிறார் என்று ஆளிக்குத் தெரியாது. அது சொல்வது நடந்த செய்தி மட்டும். யாரைக் கூப்பிடுவது, இப்போதா விடிந்த பிறகா என்று முடிவெடுப்பவர் விதி எழுதும் மனிதர். அந்த முடிவுக்குத்தான் பெயர் இல்லை.

இன்னொன்று. வலைக் கருவிகளைக் கண்காணிக்கும் நெறிமுறையான எஸ்.என்.எம்.பி.யில் ‘டிராப்’ என்று ஒன்று உண்டு. அதைப் ‘பொறி’ என்று மொழிபெயர்த்த கையேடு ஒன்று என்னிடம் இருக்கிறது. எலிப்பொறியா, தீப்பொறியா, ஐம்பொறியா? இதில் எதையும் யாரும் பிடிப்பதில்லை. கேட்காமலே ஆளி தானாகச் சொல்லும் சேதி அது. கண்காணிக்கும் சர்வருக்கு வரும். வந்து சேர்ந்ததா என்று ஆளி திரும்பிக்கூடப் பார்க்காது. வழியில் தொலைந்தால் தொலைந்ததுதான். ‘இன்ஃபார்ம்’ வகையில் அனுப்பினால் பதில் வராதபோது மறுபடி அனுப்பும். ஆனால் மின்சாரம் போய்ச் செத்த ஆளி டிராப்பும் அனுப்பாது, இன்ஃபார்மும் அனுப்பாது. ஆகவே நாம் போய் விசாரிப்பதை நிறுத்த முடியாது.

உங்கள் விடுதி ஆளிக்குப் பின்னால் எத்தனை ஆளிகள் இருந்தன? அத்தனையும் தனித்தனியாகச் செய்தி அனுப்பினவா? நாகியோஸ் போன்ற கண்காணிப்பு மென்பொருள்களில் எதற்கு எது ‘பெற்றோர்’ என்று எழுதி வைத்தால், தாய் ஆளி விழுந்தபோது பிள்ளைகள் ‘விழுந்தன’ என்று வராது, ‘எட்டவில்லை’ என்று வரும். அந்த இரண்டுக்கும் தமிழில் நல்ல வினைகள் ஏற்கெனவே கைவசம் உள்ளன, பாருங்கள்.

———

மதுரையிலிருந்து

அன்புடையீர்,

நான் கணினித் துறை அல்ல. பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியை. யாழ்ப்பாணத்துத் தம்பி சொன்னதிலிருந்து தொடங்குகிறேன். முடிவெடுப்பவர் மனிதர், அந்த முடிவு தூங்கும் இன்னொரு மனிதரை எழுப்புவது. அப்படியானால் சொல்லும் அங்கேயே இருக்கிறது: ‘எழுப்பு’.

‘எழுப்புதல்’ என்று நீட்ட வேண்டாம். கிறித்தவ நண்பர்கள் எழுப்புதல் கூட்டம் நடத்துகிறார்கள். ‘இன்று இரவு மூன்று எழுப்புதல்கள்’ என்று செய்தி வந்தால் யாராவது பாட்டுப் புத்தகத்தோடு கிளம்பிவிடுவார்கள். அடி, உதை, வெடி மாதிரி வினைப்பகுதியே பெயராக நிற்கட்டும். முதனிலைத் தொழிற்பெயர், இலக்கணம் இடம் தருகிறது. ஏவல் போலவும் கேட்கிறதே என்பீர்கள். கேட்கட்டும். குறுஞ்செய்தியின் தலையில் ‘எழுப்பு’ என்று பார்த்தால், ‘அந்த ஆளை எழுப்பு’ என்றே வாசிப்பார்கள். வேண்டியது அதுதானே?

ஒரு கலைச்சொல்லைச் சோதிக்க நான் மாணவர்களுக்குச் சொல்லும் வழி: அதோடு இன்னொரு சொல்லை ஒட்டிப் பார். எழுப்பு விதி, எழுப்பு நேரம், எழுப்புச் சோர்வு, வீண் எழுப்பு. ஒட்டுகிறது. ‘விழிப்பூட்டல் சோர்வு’ என்று சொல்லும்போதே சோர்வு வருகிறது.

———

சென்னையிலிருந்து

அம்மா சொன்னதற்கு என் ஓட்டு. சங்குக்கு மட்டும் ஒரு மறுப்பு, கோவை நண்பர் மன்னிக்கவும். நானும் கோவை சிங்காநல்லூரில் வளர்ந்தவன்தான். மில் சங்கு எப்போது ஊதும்? ஷிப்டு மாறும்போது. எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்பதற்கே அது அடையாளம். ஒருநாள் சங்கு ஊதாவிட்டால்தான் எங்கள் வீட்டில், “ஏன் ஊதலை? மில்லுல என்னாச்சு?” என்று கேட்பார்கள். ‘சங்கு ஊதிட்டாங்க’ என்பதற்கு இருக்கும் வேறு அர்த்தத்தை நான் சொல்லவே வேண்டாம்.

அதனால் சங்கை வேறு இடத்தில் வைக்கலாம். கண்காணிக்கும் சர்வரே செத்துப்போனால் யார் சொல்வது? அதற்காகப் புரோமிதியஸ் என்ற கண்காணிப்பு மென்பொருள் வைத்திருப்பவர்கள் ‘வாட்ச்டாக்’ என்று எப்போதும் ஒலித்துக்கொண்டே இருக்கும் ஒரு விதியை வைத்திருப்பார்கள். அது ஒலிப்பது வெளியே இன்னொரு இடத்துக்குப் போய்க்கொண்டே இருக்கும். நின்றுபோனால் அந்த இடம் ஆளைக் கூப்பிடும். இதைவிட அச்சு அசலான மில் சங்கு உண்டா?

———

கோவையிலிருந்து

எல்லோருக்கும் நன்றி. சங்கை இடம் மாற்றியதற்குத் தனி நன்றி. இத்தனை வருடம் அதைக் கேட்டு வளர்ந்தும் எனக்குத் தோன்றவில்லை.

எழுப்புக்கு நானும் ஒரு காரணம் சேர்க்கிறேன். ஆங்கிலக் குறுஞ்செய்தியில் 160 எழுத்து அடங்கும், தமிழில் 70தான். புள்ளியும் கொம்பும் தனித்தனியாக எண்ணப்படும். அந்தக் கணக்கில் விழிப்பூட்டல் 13 இடம் தின்னும், எச்சரிக்கை 10, எழுப்பு 7. மிச்சமாகும் இடத்தில் எந்தக் கட்டடம், எந்தத் தளம் என்று எழுதலாம்.

யாழ்ப்பாண நண்பருக்கு: விடுதி ஸ்விட்சுக்குப் பின்னால் பதினொன்று இருந்தன. பதினொன்றும் கத்தின. பெற்றோர் பட்டியலை இப்போது எழுதிவிட்டேன். கூடவே தினசரிப் பத்து எச்சரிக்கைகளையும் தோண்டிப் பார்த்தேன். பாதி பொய். ஒரு பழைய ஸ்விட்சின் போக்குவரத்துக் கணக்கை 32 பிட் எண்ணியில் (கவுண்டர்) படித்துக்கொண்டிருந்தோம். ஒரு கிகாபிட் வேகம் முழுதாக ஓடினால் அது ஏறத்தாழ 34 வினாடியில் நிரம்பி மறுபடி சுழியத்திலிருந்து தொடங்கும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை போய்ப் பார்த்தால் என்ன கணக்கு வரும்? 64 பிட் எண்ணிக்கு மாற்றியதும் அந்த வரைபடத்துக்குப் புத்தி வந்தது. உண்மையான எச்சரிக்கைகள் இனி குறுஞ்செய்தியில் போகாது; காலை எட்டு மணிக்கு ஒரே மின்னஞ்சலில் எனக்கு வரும்.

எழுப்புக்கு மூன்று நிபந்தனை வைத்திருக்கிறேன்: தொடர்ந்து மூன்று முறை பதில் இல்லாமல் இருக்க வேண்டும், அது அப்லிங்க்காகவோ தலைமை ஸ்விட்சாகவோ இருக்க வேண்டும், இரவுப் பணியாளர் கையால் செய்யக்கூடிய ஏதாவது ஒன்று இருக்க வேண்டும். மூன்றாவது அவரே கேட்டது. “என்னால ஒண்ணும் பண்ண முடியாதுன்னா எதுக்கு சார் எழுப்பறீங்க?” என்றார்.

பராமரிப்பு நேரத்தில் செய்தி வராமல் அடக்குவதற்கு ‘வாய்ப்பூட்டு’ என்று எழுதியிருக்கிறேன். அரசியல் வாடை அடித்தால் சொல்லுங்கள். போர்ட் எழுந்து விழுந்து எழுந்து விழுவதை, அதுதான் ‘ஃப்ளாப்பிங்’, படபடப்பு என்பதா ஊசலாட்டம் என்பதா என்று இன்னும் தெரியவில்லை; அதற்குத் தனி இழை தொடங்குகிறேன்.

நேற்று இரவு ஒரு வயரைப் பிடுங்கிச் சோதித்தேன். போன செய்தி: “எழுப்பு: விடுதி 2, தரைத்தளம், அப்லிங்க் இல்லை. மின்சாரம் பார்”. பதினைந்தாவது நிமிடம் செய்தி போனது, இருபதாவது நிமிடம் அவர் டார்ச்சோடு வந்து நின்றார். நான் பிடுங்கிய வயர் கையில் இருந்ததைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போனார்.