மொரீசியஸில் மறுபடி கோடை நேரமா? மழலையர் வகுப்பை யார் யோசித்தார்கள்?

வாக்வா_வேலு:
2008 அக்டோபர் 26 முதல் 2009 மார்ச் 29 வரை நம் தீவில் 'கோடை நேரம்' என்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தோம். எதிர்பார்த்த அளவு மின்சாரம் மிச்சமாகவில்லை, மக்களுக்கும் பிடிக்கவில்லை என்று அரசு கைவிட்டது. அவசரப்பட்டுவிட்டோம் என்பது என் எண்ணம். கோடையில் இருட்டும் நேரத்தில் விளக்கு, ஏசி, சமையல் எல்லாம் ஒன்றாக ஓடுகின்றன. அந்தச் சுமையைக் கொஞ்சம் பிரிக்கலாம். வேலை முடிந்து ஃப்ளிக்-அன்-ஃப்ளாக் கடற்கரைக்குப் போனால் பிள்ளைகள் வெளிச்சத்திலேயே குளிக்கலாம். மறுபடி முயன்றால் என்ன?

ரோஸ்ஹில்_டீச்சர்:
வேண்டாம் தம்பி. அந்தக் கோடையில் நான் நான்கு வயதுப் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுத்தேன். நேரம் மாறிய வாரமே தீபாவளியும் வந்தது. காலையில் பாதிப் பேர் தூங்கி வழிந்தார்கள். வட்டமாக உட்கார்ந்து பாட்டுப் பாடும் நேரத்தில் ஒருவன் என் மடியிலேயே சாய்ந்துவிடுவான். சாப்பாட்டு மணிக்குப் பசி இருக்காது, மதியத் தூக்கத்துக்குப் படுக்க வைத்தால் தூக்கம் வராது. வீட்டுக்குப் போகும் நேரத்தில்தான் கண் சொருகும், அப்புறம் அழுகை. நான்கு வயதுப் பிள்ளைக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியாது. பசியும் வெளிச்சமும்தான் அதற்கு நேரம்.

வாக்வா_வேலு:
பிரான்ஸில் 1976 முதல் வருடத்துக்கு இரண்டு முறை மாற்றுகிறார்கள், டீச்சர். அங்கே பிள்ளைகள் படிக்காமலா போய்விட்டார்கள்? ஒரு வாரத்தில் பழகிவிடும். பெற்றோர் முன்கூட்டியே தினமும் பத்து நிமிடம் சீக்கிரம் படுக்க வைத்தால் போதும். இன்னொன்று: கோடை நேரத்தில் வகுப்பு சூரியக் கணக்குப்படி ஒரு மணி நேரம் முன்னதாக நடக்கும். காலைக் குளிர்ச்சியில் பாடம் நடப்பது நல்லதுதானே?

ரெயூனியன்_அம்மா:
பிரான்ஸைச் சொன்னதால் வருகிறேன். உங்கள் பக்கத்துத் தீவான ரெயூனியனும் பிரான்ஸ்தான், ஆனால் இங்கே கடிகாரத்தைத் தொடுவதில்லை. உங்களைப் போலவே வருடம் முழுக்க ஒரே நேரம். பாரிஸில் இருக்கும் என் தங்கையோடு பேசும்போது மட்டும் இடைவெளி மூன்று மணி நேரம், அங்கே கோடையாக இருக்கும்போது இரண்டு. அங்கே கோடையில் பகல் பதினாறு மணி நேரம் வரை நீள்கிறது. நம் பக்கம் கோடைக்கும் குளிர்காலத்துக்கும் இரண்டரை மணி நேரம்தான் வித்தியாசம். எதை மிச்சம் பிடிக்கப் போகிறோம்?

ரோஸ்ஹில்_டீச்சர்:
காலைக் குளிர்ச்சி பற்றித் தம்பி சொன்னது சரி, அதை மறுக்கவில்லை. ஆனால் இரவைப் பாருங்கள். நமக்குக் கோடையான டிசம்பர், ஜனவரியில் சூரியன் ஏழு மணிக்குச் சற்று முன் மறைகிறது. கோடை நேரத்தில் அது எட்டு மணிக்குச் சற்று முன் ஆகும். புயலுக்குப் பயந்து நாம் எல்லோரும் கான்கிரீட் கூரை போட்டிருக்கிறோம். பகல் முழுக்க வாங்கிய சூட்டை அது இரவில் கீழே இறக்கும். எட்டு மணிக்குப் பிள்ளையைப் படுக்க வைத்தால் அறை அடுப்பு மாதிரி இருக்கும், ஜன்னலில் இன்னும் வெளிச்சம் தெரியும். சின்னப் பிள்ளைகளுக்குக் கண்மணி பெரிது, லென்ஸும் தெளிவு; மாலை வெளிச்சம் அவர்கள் தூக்கத்தை நம்மைவிட அதிகமாகத் தள்ளிப்போடும். மூன்று முதல் ஐந்து வயது வரை மதியத் தூக்கத்தோடு சேர்த்து ஒரு நாளில் பத்து முதல் பதின்மூன்று மணி நேரம் தூங்க வேண்டும். படுப்பது தள்ளிப்போகிறது, வேன் வரும் நேரம் மாறுவதில்லை. பற்றாக்குறை வகுப்பில்தான் தெரிகிறது.

பத்து நிமிடம் பத்து நிமிடமாக மாற்றும் யோசனை ஒரு பிள்ளை இருக்கும் வீட்டுக்குச் சரி. இரவு ஷிப்ட் முடிந்து வரும் அம்மாக்களிடம் நான் அதைச் சொல்ல மாட்டேன்.

வாக்வா_வேலு:
அப்படியென்றால் நவம்பரில் நீண்ட விடுமுறை தொடங்கும்போது மாற்றலாமே? ஜனவரிக்குள் உடம்பு பழகியிருக்கும்.

ரோஸ்ஹில்_டீச்சர்:
தொடக்கத்துக்கு அது உதவும். மார்ச்சில் திருப்பி வைக்கும்போது என்ன செய்வீர்கள்? ஜனவரியில் அழுதுகொண்டே வந்த புதுப் பிள்ளைகள் அப்போதுதான் வகுப்பின் ஒழுங்குக்கு வருகிறார்கள். திடீரென்று அத்தனை பேருக்கும் சிற்றுண்டிக்கு ஒரு மணி நேரம் முன்பே பசிக்கும்.

வாக்வா_வேலு:
ஏப்ரல் விடுமுறை வரை நீட்டலாம்.

ரெயூனியன்_அம்மா:
ஏப்ரலில் சூரியன் ஆறே காலுக்கு மேல்தான் வருகிறது. அதோடு ஒரு மணி நேரம் கூட்டுங்கள். ஆறரைக்கு வேன் ஏறும் பிள்ளை இருட்டில் சாலையோரம் நிற்க வேண்டும். அதற்கு எந்தத் தாய் சம்மதிப்பாள், தம்பி?