எண்பலகை இல்லாத மடிக்கணினியில் €, £ தட்டுவது எப்படி?

கயல்_திருப்பூர்:
வணக்கம். திருப்பூரில் பனியன் ஏற்றுமதி அலுவலகம் ஒன்றில் பில் போடும் வேலையில் இருக்கிறேன். ஜெர்மனிக்குப் போகும் சரக்குக்கு யூரோவிலும் இங்கிலாந்துக்குப் போகும் சரக்குக்குப் பவுண்டிலும் இன்வாய்ஸ் அடிக்க வேண்டும். பழைய மேசைக் கணினியில் ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு 0128 தட்டினால் € வரும். 0163 தட்டினால் £ வரும். இப்போது விண்டோஸ் 11 உள்ள மடிக்கணினி கொடுத்திருக்கிறார்கள். வலப்பக்க எண்பலகை கிடையாது. மேல்வரிசை எண்களில் அதையே செய்தால் குறி வருவதில்லை. வேர்டில் ஆல்ட்டைத் தொட்டாலே மேல்பட்டியில் குட்டி எழுத்துகள் முளைக்கின்றன. இப்போதைக்குப் பழைய பில்லிலிருந்து குறியை நகலெடுத்து ஒட்டுகிறேன். பவுண்டு பில்லில் யூரோ குறி ஏறிவிடுமோ என்ற பயம் விடவில்லை. வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய_தட்டச்சர்:
சகோதரி, உங்கள் கணினியில் பழுது எதுவும் இல்லை. ஆல்ட் எண் முறை எண்பலகையின் எண்களை மட்டுமே ஏற்கும். மேல்வரிசை எண்கள் அதற்கு வேறு விசைகள். வேர்டில் முளைக்கும் குட்டி எழுத்துகள் மெனுவைத் திறப்பதற்கான குறுக்குவழிகள்.

உடனடி வழி: விண்டோஸ் விசையோடு முற்றுப்புள்ளி விசையை அழுத்துங்கள். பொம்மை முகங்கள் உள்ள சிறு பெட்டி திறக்கும். அதில் குறியீடுகள் பகுதிக்குப் போனால் நாணயக் குறிகள் எல்லாம் இருக்கும். எப்போதோ ஒரு முறை தேவைப்படும் ₩, ฿ போன்றவற்றுக்கு இது போதும். தினமும் பில் போடுபவருக்கு இது சரிவராது.

விசைப்பலகை_நேசன்:
தினசரி வேலைக்கு விசை அமைப்பையே மாற்றுவதுதான் முறை. எண்களை மனப்பாடம் செய்யும் பாடு இனி வேண்டாம். அமைப்புகளில் நேரமும் மொழியும், அதற்குள் மொழியும் வட்டாரமும். அங்கே ஆங்கிலத்துக்கு எதிரே உள்ள மூன்று புள்ளிகளைத் தட்டி, மொழி விருப்பங்களில் ‘யுனைட்டட் ஸ்டேட்ஸ் இன்டர்நேஷனல்’ விசைப்பலகையைச் சேருங்கள். பிறகு வலப்பக்க ஆல்ட்டோடு 5 அழுத்தினால் €. வலப்பக்க ஆல்ட், ஷிஃப்ட், 4 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் £. வலப்பக்க ஆல்ட்டோடு சிறுகோடு அழுத்தினால் ¥. இடப்பக்க ஆல்ட் இதற்கு உதவாது. ஸ்பேஸ் பட்டைக்கு வலப்பக்கம் இருப்பதைத்தான் அழுத்த வேண்டும்.

₹ குறிக்கு ‘இங்கிலீஷ் இந்தியா’ விசைப்பலகையைச் சேர்த்து, வலப்பக்க ஆல்ட்டோடு 4 அழுத்துங்கள். விண்டோஸ் விசையோடு ஸ்பேஸ் தட்டினால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறலாம்.

கயல்_திருப்பூர்:
மிக்க நன்றி அண்ணா, € வந்துவிட்டது! ஆனால் இப்போது மேற்கோள் குறி தட்டினால் உடனே விழுவதில்லை. அடுத்த எழுத்து ஆங்கில ஏ என்றால் அதன் தலையில் ஏறிக்கொள்கிறது. சரக்கு விவரம் எழுதும்போது இது பெரிய தொல்லை.

விசைப்பலகை_நேசன்:
அந்த அமைப்பின் குணமே அதுதான். பிரெஞ்சு, ஸ்பானிய எழுத்துகளுக்காக மேற்கோள் குறி அடுத்த எழுத்துக்குக் காத்திருக்கும். குறியைத் தட்டியதும் ஒரு ஸ்பேஸ் தட்டினால் தனியாக விழும். கை பழகாவிட்டால் ‘யுனைட்டட் கிங்டம்’ அமைப்பைப் பாருங்கள். ஷிஃப்டோடு 3 தட்டினால் £, வலப்பக்க ஆல்ட்டோடு 4 தட்டினால் €. இரண்டே குறிதான் வேண்டும் என்றால் இதைவிடச் சுலபம் இல்லை. ஆனால் அதில் மின்னஞ்சல் முகவரியில் வரும் @ குறியும் இரட்டை மேற்கோளும் இடம் மாறிவிடும். ஆகவே பில் அடிக்கும்போது மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

பழைய_தட்டச்சர்:
வேலை முழுவதும் வேர்டில்தான் என்றால் அமைப்பை மாற்றாமலே ஒரு வழி உண்டு. கண்ட்ரோல், ஆல்ட், ஆங்கில ஈ மூன்றையும் சேர்த்து அழுத்தினால் € வரும். அடைப்புக்குறிக்குள் ஆங்கில ஈ தட்டினாலும் தானியங்கித் திருத்தம் அதை € ஆக்கிவிடும். அதே திருத்தப் பட்டியலில் பவுண்டுக்கும் நீங்களே ஒரு சுருக்கம் சேர்த்துக்கொள்ளலாம்.

ஏற்றுமதிக்_கணக்கர்:
எக்செலில் பில் போடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. தொகைக்கு முன்னால் குறியைக் கையால் தட்டாதீர்கள். எக்செல் அதை எண்ணாக எடுத்துக்கொள்ளாவிட்டால் அந்தக் கட்டம் வெறும் எழுத்தாகிவிடும். கூட்டுத்தொகையில் சேராது, பிழை என்றும் காட்டாது. தொகை கட்டத்தின் இடது ஓரத்தில் ஒட்டி நின்றால் சந்தேகப்படுங்கள். எண்ணாக இருந்தால் வலது ஓரத்தில் நிற்கும். எண்ணை மட்டும் தட்டி, கண்ட்ரோலோடு 1 அழுத்தி, நாணயம் என்ற வகையில் குறியைத் தேர்ந்தெடுங்கள். அந்தப் பட்டியலில் யூரோ குறி எண்ணுக்கு முன்னால் வரும் வடிவமும் பின்னால் வரும் வடிவமும் தனித்தனியாக இருக்கும். ஜெர்மானியர்கள் 1.250,00 € என்று பின்னால்தான் போடுவார்கள். அங்குள்ள வாடிக்கையாளருக்கு அவர்கள் பழக்கப்படியே அனுப்புவது நல்லது.

ரியாத்_தமிழன்:
இடையில் நானும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். சவூதி ரியாலுக்கு 2025 பிப்ரவரியில் புதிய குறி அறிவித்தார்களே, அதைத் தட்ட முடியுமா?

விசைப்பலகை_நேசன்:
2025 செப்டம்பரில் வந்த யூனிகோட் 17-இல் (எல்லா மொழி எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் கணினியில் எண் கொடுக்கும் பொதுத் தரம் அது) அதற்கு இடம் கொடுத்துவிட்டார்கள். ஆனால் குறி தெரிய வேண்டுமென்றால் உங்கள் கணினியிலும் பெறுபவரின் கணினியிலும் அதைச் சேர்த்த எழுத்துரு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வெறும் கட்டம்தான் தெரியும். நம் ₹ குறியும் இதே பாதையில் வந்ததுதான். உதயகுமார் வரைந்த வடிவத்தை 2010 ஜூலையில் அரசு ஏற்றது, அக்டோபரில் யூனிகோட் 6-இல் இடம் கிடைத்தது. ஆனாலும் பழைய எழுத்துரு உள்ள கணினிகளில் அது நெடுநாள் கட்டமாகவே தெரிந்தது.

ஏற்றுமதிக்_கணக்கர்:
அதனால்தான் தொகைக்கு அருகில் நாணயங்களுக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 4217-இன் மூன்றெழுத்துக் குறியீட்டையும் போடச் சொல்வேன். ரியாலுக்கு எஸ்ஏஆர், யூரோவுக்கு இயூஆர், பவுண்டுக்கு ஜிபிபி. ¥ குறி ஜப்பானிய யென்னுக்கும் சீன யுவானுக்கும் பொது. அதை மட்டும் பார்த்து எந்த நாட்டுப் பணம் என்று வங்கியால் சொல்ல முடியாது. ஜேபிஒய் என்றோ சிஎன்ஒய் என்றோ எழுதிவிட்டால் கேள்வி வராது.

கயல்_திருப்பூர்:
வேர்டுக்குத் தானியங்கித் திருத்தத்தையும் எக்செலுக்குக் கண்ட்ரோல் 1 முறையையும் வைத்துக்கொண்டேன். இன்டர்நேஷனல் விசைப்பலகையை நீக்கிவிட்டேன். மேற்கோள் குறி பழையபடி விழுகிறது. பில் படிவத்தில் மொத்தத் தொகைக்கு அருகே மூன்றெழுத்துக் குறியீட்டுக்கு ஒரு கட்டம் சேர்த்தாயிற்று. அனைவருக்கும் நன்றி.