காம்பஸ் மென்பொருளைச் சோதித்த மாணவி: ரகசிய நிரல் அவருக்கு எப்படிக் கிடைத்தது?

கயல்:
எம்.எஸ்சி. இறுதியாண்டு படிக்கிறேன். அமெரிக்காவில் கைதானவர் மறுபடி குற்றம் செய்வாரா என்று மதிப்பெண் போடும் காம்பஸ் மென்பொருளைத்தான் புராஜெக்ட்டுக்கு எடுத்திருக்கிறேன். ஜூலியா ட்ரெசல் என்ற மாணவி அதன் பலவீனத்தைக் காட்டினார் என்று மேடம் சொன்னார். அதை உருவாக்கிய நிறுவனத்தின் நிரல் அவருக்கு எப்படிக் கிடைத்தது?

வைகைக்கரை:
கிடைக்கவே இல்லை, அதுதான் விஷயமே. 2016இல் ப்ரோபப்ளிகா என்ற அமெரிக்கச் செய்தி நிறுவனத்தின் செய்தியாளர்கள் புளோரிடாவின் ப்ரோவர்ட் கவுண்ட்டியில் கைதானவர்களின் மதிப்பெண்களைக் கேட்டு வாங்கி வெளியிட்டார்கள். இரண்டு ஆண்டுகளில் மறுபடி எதிலும் சிக்காத கறுப்பினத்தவரில் 44.9 சதவீதம் பேருக்கு 'அபாயம் அதிகம்' என்ற முத்திரை, வெள்ளையரில் 23.5தான். டார்ட்மத் கல்லூரியில் படித்த ட்ரெசல் அந்தத் தரவிலிருந்து 1,000 பேரை எடுத்து, ஒவ்வொருவரின் வயது, பாலினம், இப்போதைய குற்றச்சாட்டு, பழைய வழக்குகளை மட்டும் சில வரிகளில் எழுதி, இணையத்தில் கூலிக்கு வேலை செய்யும் சாதாரண ஆட்களிடம் 'இவர் மறுபடி குற்றம் செய்வாரா' என்று கேட்டார். கூட்டாகப் பார்த்தால் 67 சதவீதம் சரி. காம்பஸ் 65.2! அப்புறம் வயது, முந்தைய தண்டனைகளின் எண்ணிக்கை, இந்த இரண்டை மட்டும் வைத்து ஒரு எளிய சூத்திரம் போட்டார், அதுவும் காம்பஸுக்குச் சமமாக வந்தது. காம்பஸ் 137 விவரங்கள் வரை எடுத்துக்கொள்ளக்கூடியது. பேராசிரியர் ஹனி ஃபரீதுடன் எழுதிய கட்டுரை 2018இல் வந்தது, முதலில் அதைப் படியுங்கள்.

தரவுப்பித்தன்:
நிறுவனத்தின் பதிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரே மதிப்பெண் வாங்கிய கறுப்பரும் வெள்ளையரும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில்தான் மறுபடி சிக்குகிறார்கள் என்றார்கள், கணக்குப்படி அதுவும் சரி. இரு தரப்பின் மறுகைது விகிதம் வேறாக இருக்கும்போது ஒரே மதிப்பெண்ணுக்கு ஒரே விகிதம், தவறான முத்திரையும் இரு தரப்புக்கும் சம அளவு, இந்த இரண்டு நியாயமும் ஒருசேர அமையாது. இன்னொன்று, ட்ரெசல் இனத்தை மறைத்துக் கேட்டபோதும் அந்த ஆட்கள் கறுப்பரைத்தான் கூடுதலாகத் தவறாகக் குறித்தார்கள், மறுபடி சிக்காத கறுப்பரில் 37.1 சதவீதம், வெள்ளையரில் 27.2. தரவில் பதிவாவது குற்றம் இல்லை, கைது. ரோந்து அதிகமுள்ள தெருவில் கைதும் அதிகம், அதுவே அடுத்த முறை 'பழைய வழக்கு' என்று ஏறிக்கொள்ளும்.

சட்டக்காரி:
அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஒருவர் இந்த மதிப்பெண்ணை எதிர்த்து அந்த மாநில உச்ச நீதிமன்றம் வரை போனார். கணக்கிடும் முறை வணிக ரகசியம் என்பதால் அவரால் அதைப் பார்க்கவே முடியவில்லை. எச்சரிக்கைக் குறிப்போடு நீதிபதிகள் பயன்படுத்தலாம் என்று 2016இல் தீர்ப்பு. எனக்கு இன்றும் ஆறவில்லை. இரண்டு தகவல் போதுமென்றால் எதற்கு இந்த ரகசியம்?

கயல்:
எல்லோருக்கும் நன்றி. ப்ரோபப்ளிகா கோப்பை இப்போதுதான் இறக்கினேன், 7,214 பேர். வயது, பழைய வழக்கு இரண்டு பத்தியை மட்டும் வைத்துக்கொண்டு இன்று ராத்திரி ஆரம்பிக்கிறேன்.