1961 சென்சஸ் கிராம ஆய்வு நூல்கள் எங்கே கிடைக்கும்?

வணக்கம். காஞ்சிபுரம் வட்டார நெசவுக் குடும்பங்கள் பற்றி எம்.ஏ. சமூகவியல் மாணவர்கள் ஆய்வேடு எழுதுகிறார்கள். ஊர் ஊராகத் தொழில், வருமானம், கடன் எல்லாம் பதிவான 1961 சென்சஸ் கிராம ஆய்வு நூல்கள் அவர்களுக்குக் கட்டாயம் வேண்டும்.

நூற்பட்டியலில் 'காஞ்சிபுரம் மாவட்டம்' என்று தேடினால் வராது. அப்போது அது செங்கல்பட்டு மாவட்டம். மாநிலமும் 'மெட்ராஸ்' என்றுதான் இருக்கும். பல்கலைக்கழக ஆய்வேடுகளை இணையத்தில் தொகுத்து வைக்கும் சோத்கங்கா தளத்தில் தமிழ் ஆய்வேடுகள் பல பழைய எழுத்துருவில் இருப்பதால் உள்ளே சொல் தேடல் எடுபடாது. தலைப்பை ஆங்கில எழுத்திலும் தட்டிப் பார்த்து, அத்தியாய பிடிஎஃப்களை ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டியதுதான்.

கன்னிமாரா, ரோஜா முத்தையா நூலகம், எழும்பூர் ஆவணக் காப்பகம், இவற்றில் எங்கே இந்த வரிசை முழுதாக இருக்கிறது? துறைத்தலைவர் கடிதம் போதுமா? பக்கங்களை போனில் படமெடுக்க விடுவார்களா? சமீபத்தில் போனவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.