காவடிப் படங்களை அடுக்கி வைக்க டிஜிகேமா, எக்ஸ்என்வியூ எம்பியா?

வணக்கம். மொரீசியஸில் ஒரு கோயிலின் தைப்பூசக் காவடி, தீமிதிப் படங்கள் சுமார் 40,000 இருக்கின்றன. ஜேபெக், ரா (கேமரா தரும் மூலக் கோப்பு), பழைய பிரிண்ட்களின் ஸ்கேன் எல்லாம் கலந்தவை. இதுவரை கூகுளின் பிக்காசா மென்பொருள்தான், அது 2016-இலேயே நின்றுவிட்டது. இப்போது டிஜிகேம், எக்ஸ்என்வியூ எம்பி என்ற இரண்டு பட மேலாண்மை மென்பொருள்களில் ஒன்றுக்கு மாற வேண்டும்.

முக்கியத் தேவை ஒன்றுதான். யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்று தமிழில் எழுதும் குறிப்பு படத்தோடே போக வேண்டும். தரவுத்தளத்தில் மட்டும் கிடந்தால், மென்பொருள் போகிற அன்று பெயர்களும் போய்விடும். படத்துக்குள்ளேயே குறிப்பு எழுதும் பழைய முறையான ஐபிடிசியில் ஒரு குறிச்சொல்லுக்கு 64 பைட்தான். யுடிஎஃப்-8 எழுத்துக் குறியாக்கத்தில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட் என்பதால், 'ஸ்ரீ' வைத்த நீளப் பெயர்கள் பாதியில் அறுபடும். அதற்குப் பின் வந்த எக்ஸ்எம்பி முறையில் அந்தத் தொல்லை இல்லை. ரா கோப்பைத் தொடாமல் பக்கத்தில் தனிக் கோப்பாக எழுத டிஜிகேமில் வழி உண்டு, அதனால் மனம் அந்தப் பக்கம்தான் சாய்கிறது.

தெரிந்தவர்கள் சொல்லுங்கள்: பிக்காசாவின் முகப்பெயர்களை முதலில் எக்ஸ்எம்பியில் எழுதிவிட்டு டிஜிகேமுக்குக் கொண்டுபோனால் தமிழ்ப் பெயர்கள் சிதையாமல் வருகின்றனவா? இரண்டு கணினியிலிருந்து வேலை செய்ய டிஜிகேமின் தரவுத்தளமான எஸ்க்யூலைட் கோப்பை நெட்வொர்க் டிரைவில் வைப்பது ஆபத்து. அதற்குப் பதில் மரியாடிபி தரவுத்தள சர்வர் போட்டவர்களுக்கு வேகம் எப்படி? ஸ்கேன்களில் ஸ்கேன் செய்த தேதிதான் நிற்கிறது. ஆண்டு மட்டுமே தெரிந்த படத்துக்கு ஜனவரி 1 என்று போடுகிறீர்களா, வேறு முறை உண்டா?